தொலைத்தோமா, இழந்தோமா, தோற்றோமா? எல்லாத்துக்கும் ஒரே 'லூஸ்'!

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ்: 'ஐ லாஸ்ட் மை ஃபாதர் திஸ் மார்னிங்.' அவசரத்தில் படித்துவிட்டு, 'கவலைப்படாதீங்க, சீக்கிரம் கிடைச்சிடுவார்' என்று பதில் போட்டால் என்ன ஆகும்? நண்பரின் அப்பா காணாமல் போகவில்லை, காலமாகிவிட்டார்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? தமிழில் சாவியைத் தொலைக்கிறோம், உறவை இழக்கிறோம், போட்டியில் தோற்கிறோம், எடையைக் குறைக்கிறோம். ஆங்கிலத்தில் இந்த நாலுக்கும் 'லூஸ்' என்ற ஒரே வினைச்சொல்தான். நடந்து முடிந்ததென்றால் 'லாஸ்ட்'. பக்கத்தில் என்ன சொல் வருகிறது என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

தொலைப்பது: 'ஐ லாஸ்ட் மை கீஸ்' என்றால் சாவியைத் தொலைச்சிட்டேன். ஆனால் பஸ்ஸைத் தவறவிட்டால் 'லாஸ்ட்' வராது, அதற்கு 'மிஸ்ட்'.

தோற்பது: யாரிடம் தோற்றோம் என்று சொல்ல 'டு' சேர்க்க வேண்டும், 'வித்' அல்ல. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: 'இந்தியா லாஸ்ட் டு ஆஸ்திரேலியா.'

குறைப்பது: 'ஐ வான்ட் டு லூஸ் வெயிட்' என்பதே சரி. 'லாஸ்' என்பது பெயர்ச்சொல், அதாவது இழப்பு. அது இந்த இடத்தில் வராது.

மீட்டிங்கில் ஒருவர் 'சாரி, யூ லாஸ்ட் மீ' என்கிறாரா? பதற வேண்டாம். 'நீங்க சொல்றது புரியல, மறுபடி சொல்லுங்க' என்பதுதான் அர்த்தம்.

எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. எல், ஓ, எஸ், இ என்று ஒரே ஒரு 'ஓ' போட்டால்தான் இழப்பது. இரண்டு 'ஓ' போட்டால் தளர்வானது என்று பொருள். 'சட்டை லூசா இருக்கு', 'லூசாப்பா நீ?' எல்லாம் அந்த லூஸ்தான். 'உங்களை இழக்க விரும்பவில்லை' என்று கிளையன்ட்டுக்கு எழுதும் மெயிலில் கூடுதலாக ஒரு 'ஓ' விழுந்தால், 'உங்களை அவிழ்த்துவிட விரும்பவில்லை' என்றாகிவிடும்! இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் ஸ்பெல் செக் கண்டுபிடிக்காமலும் போகலாம்.

உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. தளர்வைக் குறிக்கும் சொல் 'பஸ்' போல முடியும். இழப்பைக் குறிக்கும் சொல் தேனீ ரீங்காரம் போல முடியும். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள், அந்த அதிர்வு தெரியும்.

சரி, அந்த நண்பருக்கு என்ன பதில் அனுப்புவது? 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்.' இங்கே 'சாரி' மன்னிப்பு அல்ல, வருத்தம். 'லாஸ்' நஷ்டம் அல்ல, இழப்பு. இந்த ஒரு வரி போதும். முடிந்தால், அனுப்பிய கையோடு ஒரு போனும் போட்டு, 'சாப்பிட்டீங்களா?' என்று தமிழிலேயே கேளுங்கள்.