குழாயடியில் ஒரு கீழாநெல்லி

நல்ல மழை பெய்து பத்து நாள் போகட்டும். பூந்தொட்டி, குழாயடி, புல்தரை என்று ஈரம் கண்ட இடமெல்லாம் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். ஒரு சாண் உயரம், புளிய இலை போல அடுக்கடுக்காகச் சிற்றிலைகள். கிளையைப் புரட்டினால், இலைகளுக்கு அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயர்க்காரணம் அதுதான். தண்டைக் கிள்ளும்போது பால் வடிந்தால் அது கீழாநெல்லி அல்ல. அம்மான் பச்சரிசி வகையாக இருக்கலாம்.

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது இதைத்தான். வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கூடவே உப்பில்லாப் பத்தியம். இரண்டு மூன்று வாரத்தில் கண் தெளியும். அப்புறம் எப்படி நம்பாமல் இருப்பது?

சிக்கலே அங்குதான். காமாலை ஒரு நோயின் பெயரல்ல, அடையாளம். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளுகிறது. தள்ள முடியாதபோது கண் மஞ்சளாகிறது. கெட்ட தண்ணீரில் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வைரஸ்கள் காரணமென்றால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் சரி, வெறும் மோர் குடித்தாலும் சரி! பித்தக்குழாயை அடைத்த கல்லோ கணையக் கட்டியோ காரணமென்றால் எந்த உருண்டையும் அதை அசைக்காது.

இந்தச் செடியை அறிவியல் அலட்சியம் செய்துவிடவில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க்கே இதில் ஆர்வம் காட்டினார். அவரும் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் உள்ளிட்டோரும் சேர்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வைரஸை நெடுநாளாக உடலில் சுமந்தவர்களுக்கு, உலர்ந்த கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமும், மண்ணும், பறித்த பருவமும் மாறியிருக்கலாம் என்ற வாதம் இன்றும் உண்டு. நம் ஊர்ச் செடியையே பல நூல்கள் வெகுகாலம் 'பில்லாந்தஸ் நிரூரி' என்று அச்சிட்டன. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்முடையது பெரும்பாலும் 'பில்லாந்தஸ் அமாரஸ்'. பெயரிலேயே இத்தனை குழப்பம் என்றால் மருந்தின் அளவை யார் சொல்வது?

என் தீர்ப்பு இது: கீழாநெல்லி பொய்யல்ல, நிரூபணமான மருந்தும் அல்ல. தொட்டியில் முளைத்தால் நான் பிடுங்கி எறிவதில்லை. ஆனால் கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. கர்ப்பிணி என்றால் அன்றைக்கே மருத்துவமனை. ஹெபடைட்டிஸ் இ அவர்கள் உயிரையே பறிக்கக்கூடியது. ஹெபடைட்டிஸ் பி-க்கோ தடுப்பூசி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் இலவசமாகவே போடுகிறார்கள்.