முண்டு வத்தலுக்கு மின்னணு ஏலம்

கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி வட்டார விவசாயிகளுக்கு முண்டு வத்தல்தான் கைக்காசு. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் விதைப்புக்கே மண்டியில் முன்பணம் வாங்கியவர், மண்டிக்காரர் சொல்லும் விலையைத் தட்ட முடிவதில்லை.

2016 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய இ-நாம் ஏலத்தில் விலையை மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஆதார், வங்கிப் புத்தகம், செல்போன் எண் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் கிடையாது. ஏல நாள் எது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளவும். சரக்குக்குக் குவியல் எண் போட்டு, மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பார்கள். வெளியூர் வியாபாரிகளும் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்கலாம். விற்ற பணம் வங்கிக் கணக்கில் சேரும்.

நேரில் பார்க்காதவர் தரச் சீட்டை நம்பித்தான் விலை போடுவார். எனவே சண்டு வத்தலை முதலிலேயே பொறுக்கித் தனிக் குவியலாக வைக்கவும். கலந்து வைத்தால் நல்ல வத்தலுக்கும் விலை இறங்கிவிடும். எடைக்காகத் தண்ணீர் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். சொன்னால் கோபம் வருகிறது! ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கும்.

விலை கட்டவில்லையா? சரக்கைத் திரும்ப ஏற்ற வேண்டியதில்லை. கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் கேட்கலாம். மண்டி முன்பணத்தை அதைக் கொண்டு அடைக்க முடியுமா என்று அறுவடைக்கு முன்பே கணக்குப் போட்டுப் பாருங்கள்.