திருநாள் திடலில் எவரும் அயலார் அல்லர்

விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, நிரை நிரையாய் மரம் வெட்டிப் பாலெடுத்து உழைக்கும் நமக்குத் திருநாள்கள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. அன்றுதான் உற்றார் உறவினர் ஒன்று கூடுகின்றனர். பிள்ளைகள் மேடையேறி ஆடிப் பாடுகின்றனர். பட்டணத்திற்குக் குடிபெயர்ந்து போனவர்களும் பிறந்த தோட்டத்தை நாடி வருகின்றனர். அத்தகைய நாளில் ஒருவர், "உனக்கு இங்கே இடமில்லை" என்னும் சொல்லைக் கேட்க நேர்ந்தால், அப்புண் எளிதில் ஆறுவதில்லை. அடுத்த ஆண்டு அவர் திடலின் பக்கம் வரமாட்டார். அவருடைய பிள்ளைகளும் வரமாட்டார்கள்.

"நாங்கள் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாரும் வரலாம்" என்று விழாக் குழுவினர் கூறுவதுண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நல்லெண்ணம் மட்டும் போதாது. பந்தலுக்குக் கால் நடுவது போலவும், சமையலுக்கு அரிசி அளப்பது போலவும், வேற்றுமை பாராட்டாமைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தாக வேண்டும்.

தமிழர் திருநாள் தந்த பாடம்

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து இந்நாட்டிற்கு வந்தபோது மொழியையும் வழிபாட்டையும் கொண்டுவந்ததோடு சாதி வேற்றுமையையும் உடன் கொண்டுவந்தனர். ஒரு காலத்தில் தோட்டங்கள் சிலவற்றில் லயங்கள்கூடச் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர்களும், பந்தியில் தனியே அமர்த்தப்பட்டவர்களும் இருந்தனர். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து சுயமரியாதைக் கருத்துகளைப் பரப்பினார். அதன் பின் சீர்திருத்த எண்ணம் இங்கே மேலும் வலுப்பெற்றது.

அவ்வெண்ணத்தில் ஊன்றி நின்றவர்களுள் ஒருவர், 1935ஆம் ஆண்டில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி ஆவார். அவருடைய முயற்சியால் 1952ஆம் ஆண்டில் தமிழர் திருநாள் தோன்றியது. சாதி, சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் ஒரே திடலில் கூடுவதற்கு ஒரு நாள் வேண்டும் என்பதே அதன் நோக்கம். பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரிலும் மலாயாவின் பல ஊர்களிலும் அவ்விழா நடைபெற்றது.

இதில் நாம் உணர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேற்றுமை ஒழிய வேண்டும் என்று மேடையில் பேசியதோடு அப்பெரியோர் நின்றுவிடவில்லை. வேற்றுமைக்கு இடமளிக்காத ஒரு விழாவையே அமைத்துக் காட்டினர். நம் தோட்டத்து விழாக் குழுக்களும் செய்ய வேண்டியது அதுவே.

ஒதுக்குதல் எவ்வழியில் நுழைகிறது?

இன்று எந்தக் குழுவும் வெளிப்படையாக ஒருவரைத் தடுப்பதில்லை. ஒதுக்குதல் வேறு வழிகளில் நுழைகிறது. ஒரு குறிப்பிட்ட குடும்பத்தாருக்கே எப்போதும் முதல் மரியாதை தரப்படுகிறது. வரி கொடுக்க இயலாத ஏழைக் குடும்பத்தின் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிறது. கணவனை இழந்த பெண், விளக்கேற்றும் வரிசையிலிருந்து மெல்ல விலக்கப்படுகிறார். சக்கர நாற்காலியில் வரும் முதியவர், படிகளைக் கண்டு பந்தலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்.

மேடை நாடகத்தில் ஒருவருடைய கறுத்த நிறமோ உடற்குறையோ நகைச்சுவைக்குப் பொருளாகிறது. கூட்டம் சிரிக்கிறது; அதே குறையுள்ள ஒரு சிறுவனும் அக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறான். நெரிசலைப் பயன்படுத்திப் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வோரும் உளர்.

நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே நிரையில் உழைப்பவர்கள், விருந்து நாளில் வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பது முறையாகுமா? நம் பாட்டனாரும் ஒரு நாள் இந்நாட்டிற்குப் புதியவராய் வந்து நின்றவரே அல்லவா?

விழாவுக்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, விழாக் குழுவின் அமைப்பு. பெண்களும் இளைஞர்களும் வெவ்வேறு லயத்தாரும் அதில் இடம்பெற வேண்டும். ஒரே குடும்பத்தாரோ ஒரே பிரிவினரோ கூடி முடிவெடுக்கும் குழுவின் கண்களுக்குப் பிறருடைய இடர்ப்பாடு தெரிவதில்லை.

இரண்டாவது, மரியாதையும் உணவும். மேடை மரியாதையை ஆண்டுதோறும் மாற்றி அளிக்கலாம். அல்லது தோட்டத்தின் மூத்த தொழிலாளி ஒருவருக்கு அளிக்கலாம். பந்தியில் முன் வந்தவர் முன் அமரட்டும்; முதியோர், கருவுற்ற பெண்கள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு மட்டும் முன்னுரிமை இருக்கட்டும். நன்கொடை கொடாதவர் பெயரை எக்காரணத்தைக் கொண்டும் அறிவிக்கலாகாது.

மூன்றாவது, அழைப்பு. அழைப்பிதழை மலாய் மொழியிலும் எழுதினால் பிற இனத்தாரும் அயல்நாட்டுத் தொழிலாளரும் அதனைத் தம்மை நோக்கிய அழைப்பாகக் கொள்வர். வருகின்ற பிற சமயத்தாரை வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறோ, படையலை உண்ணுமாறோ வற்புறுத்தலாகாது. அவர்கள் நம்பிக்கைக்கு மதிப்பளிப்பதும் விருந்தோம்பலே.

நான்காவது, இட வசதி. உறுதியான பலகைகளைச் சாய்வாக அமைத்தால் சக்கர நாற்காலி பந்தலுக்குள் வந்துவிடும். மேடை நன்கு தெரியும் இடத்தில் சில இருக்கைகளை ஒதுக்கி வைக்கலாம். கழிப்பிடம் செல்லும் வழியிலும் திடலின் ஓரங்களிலும் விளக்குப் போடுவது பெண்களுக்கும் சிறுவர்க்கும் பாதுகாப்பு.

ஐந்தாவது, குறை கேட்போர். இதுவே எல்லாவற்றிலும் தலையாயது. பொறுமையும் நேர்மையும் உடைய இருவரை, அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்குமாறு, குழு முன்கூட்டியே நியமிக்க வேண்டும். அவர்கள் அடையாளப் பட்டை அணிந்து, ஒலிபெருக்கியின் இரைச்சல் எட்டாத ஓரிடத்தில் இருக்கட்டும். "எவருக்கேனும் அவமதிப்போ தொல்லையோ நேர்ந்தால் இவர்களிடம் கூறலாம்" என்று விழா தொடங்கும்போதே அறிவித்துவிட வேண்டும். அவ்வறிவிப்பு, துன்புற்றவருக்குத் துணிவையும் துன்புறுத்த நினைப்பவருக்கு அச்சத்தையும் தரும்.

தவறு நிகழ்ந்துவிட்டால்

பொதுவாக என்ன நடக்கிறது என்பதை நாம் அறிவோம். "இன்றைக்கு வேண்டாம், நல்ல நாள் கெட்டுவிடும், நீ வீட்டுக்குப் போ, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்" என்று பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுகிறோம். இழிவுபடுத்தியவரோ பந்தியில் அமர்ந்து உண்கிறார். இதைவிடப் பெரிய அநீதி வேறில்லை. திடலை விட்டு விலக வேண்டியவர் தவறு செய்தவரே, பாதிக்கப்பட்டவர் அல்லர். குழு இவ்விதியை எழுதி வைத்து, எவராயினும் தயவு தாட்சணியமின்றிக் கடைப்பிடிக்க வேண்டும்.

குறை கூற வருபவரைக் கூட்டத்திலிருந்து சற்று அப்பால் அழைத்துச் சென்று, அமர வைத்து, குடிக்க நீர் கொடுத்து, அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்க வேண்டும். "நீ ஏன் அங்கே போனாய்?" "அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார்" போன்ற சொற்கள் புண்ணில் வேல் பாய்ச்சுவன. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவரையே வினவ வேண்டும். மேடைக்கு அழைத்து இருவரையும் கைகுலுக்கச் செய்வது சிலருடைய வழக்கம். பாதிக்கப்பட்டவர் விரும்பாதபோது அது இரண்டாம் அவமானமாகவே முடியும்.

நிகழ்ந்த நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், கண்ட சாட்சிகள் ஆகியவற்றை அன்றே எழுதி வைப்பது நன்று. காயம்பட்டிருந்தால் மருத்துவமனைக்கும், குற்றம் நிகழ்ந்திருந்தால் போலீஸ் நிலையத்திற்கும் ஒருவர் துணையாகச் செல்ல வேண்டும். ஒரு வாரத்திற்குள் குழுவினர் அவரது இல்லம் சென்று நலம் விசாரித்து, எடுத்த நடவடிக்கையைத் தெரிவிப்பது கடமை. புகார் செய்த காரணத்தால் அவருக்கோ அவருடைய குடும்பத்தாருக்கோ லயத்திலும் வேலைக் காட்டிலும் தொல்லை நேராதவாறும் கவனிக்க வேண்டும்.

சட்டத்தின் துணை

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று கூறுகிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றோடு, 2001ஆம் ஆண்டில் பால் வேற்றுமையும் அவ்விதியில் சேர்க்கப்பட்டது. எனினும் அவ்விதி பெரும்பாலும் அரசையும் பொது அமைப்புகளையும் கட்டுப்படுத்துவது. தனியார் ஒருவர் இன்னொருவரை இழிவுபடுத்தும்போது வேறு சட்டங்களின் துணையை நாட வேண்டும்.

பெண்ணின் மானத்திற்கு இழுக்கு உண்டாக்கும் சொல்லும் சைகையும் தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்துடன் பேசுவது 298ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். பிறரைத் துன்புறுத்தும் வகையில் மிரட்டுவதையும் இழித்துப் பேசுவதையும் தண்டிக்கும் புதிய பிரிவுகள் 2025ஆம் ஆண்டில் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டன.

பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் வழக்குரைஞர் இன்றியே ஒருவர் முறையிடலாம். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அம்மன்றத்திற்கு அதிகாரம் உண்டு. மாற்றுத் திறனாளிகள் பண்பாட்டு நிகழ்ச்சிகளில் பங்குகொள்ளும் உரிமையை 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது.

அவசர உதவிக்கு 999 எண்ணையும், சமூக நல உதவிக்கு 15999 என்னும் 'தாலியான் காசே' எண்ணையும் அழைக்கலாம். இவ்விரு எண்களையும் பந்தல் வாயிலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதற்கு ஒரு தாள் போதும்.

நம் கடமை

1970ஆம் ஆண்டில் பிரகடனப்படுத்தப்பட்ட ருக்குன் நெகாரா, நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் நம் நாட்டின் கோட்பாடுகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. பள்ளி நாள் தொட்டு நாம் கூறி வந்த அக்கோட்பாடு, விழாத் திடலில்தான் சோதனைக்கு உள்ளாகிறது.

அடுத்த திருவிழாவுக்கோ பொங்கல் விழாவுக்கோ உங்கள் தோட்டத்தில் குழு கூடும்போது, வாணவேடிக்கைக்கும் இசைக் குழுவுக்கும் ஆகும் செலவைப் பேசுமுன், மூன்று கேள்விகளை எழுப்புங்கள். சென்ற ஆண்டு வராமற்போனவர் யார்? அவர் ஏன் வரவில்லை? அவரைப் போய் அழைக்கப் போகிறவர் யார்? மூன்றாம் கேள்விக்கு ஒருவர் "நான் போகிறேன்" என்று விடை கூறிவிட்டால், அத்தோட்டத்தில் விழா அன்றே தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.