புகலிடப் புள்ளிவிபரங்களை வாசித்தல்: ஜேர்மனிய அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

'அகதி' என்னும் சொல் கதியற்றவர் என்ற பொருளில் தமிழில் வழங்கி வருவது. ஒருவர் அடைந்துள்ள நிலையினை அது சுட்டும். 1951ஆம் ஆண்டின் ஜெனீவாச் சமவாயமும் ஏறத்தாழ இதே கருத்தினையே கொண்டது. அதன்படி, அங்கீகரிக்கப்படுவதனால் ஒருவர் அகதியாவதில்லை. அகதியாக இருப்பதனாலேயே அங்கீகரிக்கப்படுகின்றார். ஆயினும் அரசுகளின் ஏடுகளில் இந்த ஒழுங்கு தலைகீழாகின்றது. விண்ணப்பித்து, விசாரிக்கப்பட்டு, ஓர் அலுவலரின் முடிவு எழுத்தில் வந்து சேர்ந்த பின்னரே ஒருவர் அகதியென எண்ணப்படுகின்றார். தேசியப் புகலிடப் புள்ளிவிபரங்கள் எனப்படுபவை இத்தகைய முடிவுகளின் கணக்கேயன்றி மனிதத் துன்பங்களின் கணக்கல்ல. இவ்வேறுபாட்டை மறந்தவர்களே "நூற்றுக்கு இத்தனை பேர் போலி அகதிகள்" என்று எழுதத் துணிகின்றனர். அக்கூற்று நம் நாட்டுப் பத்திரிகைகளிலும் அவ்வப்போது எதிரொலிப்பதனால் இவ்வெண்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதனை விளக்குதல் பயனுடையதாகும்.

ஜேர்மனியை உதாரணமாகக் கொள்வதற்குக் காரணங்கள் இரண்டு. அந்நாடு தன் கணக்கினை விரிவாக வெளியிடுகின்றது. அத்துடன், ஈழத் தமிழர் அக்கணக்கினுள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே இடம்பெற்று வந்துள்ளனர்.

அரசியற் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிடம் உண்டென 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் வரையறை எதுவுமின்றிக் கூறியது. நாற்சி ஆட்சியின்போது பிற நாடுகளில் தஞ்சம் தேடி அலைந்தவர்களின் அனுபவம் இதன் பின்னணியில் இருந்தது. அன்று எதிர்பார்க்கப்பட்டவர் கிழக்கிலிருந்து தப்பி வருபவர். எண்ணிக்கையும் சிறியதாகவே இருந்தது. இதற்குச் சமாந்தரமாக மேற்கு ஜேர்மனிய மூலதனம் துருக்கி, யூகோஸ்லாவியா முதலிய நாடுகளிலிருந்து 'விருந்தினர் தொழிலாளர்' என்ற பெயரில் உழைப்பினைத் திரட்டியது. 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடியின் நடுவே, அவ்வாட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஐரோப்பியர் அல்லாதோருக்கு உட்செல்ல எஞ்சிய வாயில்களுள் புகலிடம் முக்கியமானதாயிற்று. 1980இல் விண்ணப்பங்கள் முதன்முறையாக ஓர் இலட்சத்தைத் தாண்டி 107,818 ஆயின. 'பொருளாதார அகதி' என்ற வசைச்சொல் அங்கு அரசியல் மேடைகளில் பெருவழக்குப் பெற்றதும் இக்காலப்பகுதியிலேயாகும். வேலைக்கு வருவோருக்கான கதவை மூடிய ஓர் அமைப்பு, மற்றைய கதவின் முன் நின்றவர்களை வேலைதேடிகள் எனக் குற்றஞ்சாட்டியமை கவனத்திற்குரியது.

எண்களின் மீது புவியியலும் இராசதந்திரமும் செலுத்தும் ஆதிக்கத்திற்கு நம்மவர் வரலாறே சான்றாகும். கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் பிரவேசித்த தமிழர் பலர். மேற்கின் வற்புறுத்தலையடுத்துக் கிழக்கு ஜேர்மனி 1985இல் அவ்வழியை அடைத்தது. வடக்கு கிழக்கில் போர் உக்கிரமடைந்துகொண்டிருந்த வேளை அது. பாதை ஒன்று அடைபட்டால் விண்ணப்ப எண்ணிக்கை வீழும். அவ்வீழ்ச்சி ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருள்படாது.

1992இல் எண்ணிக்கை 438,191 ஆக உயர்ந்தது. யூகோஸ்லாவியாவின் சிதைவு இதற்குப் பிரதான காரணமாகும். மறு ஆண்டே அரசியலமைப்புத் திருத்தப்பட்டது. பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒன்றினூடாக வந்தவர் அரசியலமைப்பு வழங்கும் புகலிட உரிமையினைக் கோரவியலாது என்று விதிக்கப்பட்டது. ஜேர்மனியின் அண்டை நாடுகள் யாவும் பாதுகாப்பானவையாகக் கொள்ளப்படுவதனால், தரைவழி வந்த எவருக்கும் அவ்வுரிமை இல்லை. அதன் விளைவை 2016ஆம் ஆண்டுக் கணக்கில் காணலாம்: 695,733 முடிவுகளுள் அரசியலமைப்பின்படி புகலிடம் பெற்றோர் 2,120 பேர் மாத்திரமே. ஏனையோர் ஜெனீவாச் சமவாயத்தையும் ஐரோப்பியச் சட்டத்தையும் தழுவிய வேறு வகைகளுள் பாதுகாப்புப் பெற்றனர். இவ்வேறுபாட்டை மறைத்து, "உண்மையான அகதிகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை" எனப் பிரசாரம் செய்தோரும் உளர்.

விண்ணப்ப எண்ணிக்கையை வருகையின் எண்ணிக்கையாகக் கொள்வது மற்றொரு மயக்கமாகும். 2015இல் பதிவாகிய விண்ணப்பங்கள் 476,649, 2016இல் 745,545. இதனை மட்டும் நோக்குபவர் 2016இலேயே அதிகமானோர் வந்தனர் என்று முடிவுசெய்வர். நிகழ்ந்ததோ இதற்கு எதிர்மாறானது. 2015இல் வந்தோர் ஏறத்தாழ 890,000 பேர். 2016இல் ஏறத்தாழ 280,000 பேர். அலுவலகத்திற்கு ஆளணி போதாமையால், வந்தவர் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தே விண்ணப்பத்தைக் கையளித்தனர். 890,000 என்ற எண்ணும் திருத்தப்பட்ட ஒன்றாகும். ஒரே ஆள் இருமுறை பதியப்பட்டமை, வேறு நாடுகளுக்குச் சென்றமை முதலியவற்றைக் கழிக்குமுன் அது ஏறத்தாழ 11 இலட்சமாகக் கூறப்பட்டது. முதலிற் கூறப்பட்ட எண்ணே மக்கள் நினைவில் நிலைத்தது. விண்ணப்பதாரருள் அந்நாட்டில் பிறந்த சிசுக்களும் அடங்குவர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 2005 முதல், புகலிட நடைமுறையிலுள்ள பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தையின் பெயரிலும், பிறப்பு அறிவிக்கப்பட்டதும், விண்ணப்பம் ஒன்று செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும். எல்லை எதனையும் கடந்திராத அக்குழந்தையும் அவ்வாண்டின் 'பெருக்கத்தில்' ஓர் அலகு.

இனி, முடிவுகளைப் பார்ப்போம். 2015இல் 282,726 முடிவுகள் எடுக்கப்பட்டன. அகதி அந்தஸ்து 137,136, துணைநிலைப் பாதுகாப்பு 1,707, நாடுகடத்தற் தடை 2,072, நிராகரிப்பு 91,514, எஞ்சிய 50,297 'முறைசார் முடிவுகள்' எனப்படுபவை. அலுவலகம் முதல் மூன்றையும் கூட்டி, மொத்தத்தால் வகுத்து, பாதுகாப்பு வீதம் 49.8 என்றது. ஆனால் முறைசார் முடிவு என்பது யாது? விண்ணப்பதாரர் டப்ளின் ஒழுங்குவிதியின்படி வேறொரு நாட்டின் பொறுப்பு எனத் தீர்மானிக்கப்பட்டிருக்கலாம்; விண்ணப்பம் மீளப்பெறப்பட்டிருக்கலாம். அவரது கதை அங்கு தீர்ப்புக்கு உட்படுத்தப்படவேயில்லை. அவற்றை நீக்கிக் கணித்தால் வீதம் 60.6 ஆகின்றது. ஒரே ஆண்டு, ஒரே ஏடு, இரு வீதங்கள். பத்திரிகைகள் பெரும்பாலும் எடுத்தாள்வது குறைந்ததனையே. போதாக்குறைக்கு, மறுக்கப்பட்டவர் நிருவாக நீதிமன்றில் பெறும் வெற்றி இவ்வீதத்தில் சேர்வதில்லை. அது தனிக்கணக்கு.

2016ஆம் ஆண்டின் பட்டியல் இதனினும் சுவையானது. பாதுகாப்பு வீதம் 62.4 ஆக உயர்ந்தது. மேலோட்டமாக நோக்குவோர் இதைத் தாராளம் என்பர். ஆனால் வகைகளைப் பிரித்துப் பார்க்கும்போது, முந்தைய ஆண்டில் 1,707 ஆக இருந்த துணைநிலைப் பாதுகாப்பு 153,700 ஆகப் பெருகியிருக்கக் காண்கிறோம். அதாவது ஏறத்தாழத் தொண்ணூறு மடங்கு. சிரியாவில் போரின் தன்மை ஓராண்டில் அவ்வளவு மாறிவிட்டதா? 2015இல் தீர்ப்புப் பெற்ற சிரியருள் மிகப் பெரும்பான்மையோர் முழு அகதி அந்தஸ்தினைப் பெற்றனர். 2016இல் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் துணைநிலைக்குள் தள்ளப்பட்டனர். அதே நகரங்கள், அதே குண்டுவீச்சு. மாறியது சட்டம். 2016 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம், துணைநிலைப் பாதுகாப்புப் பெற்றோர் தம் மனைவியையோ கணவனையோ பிள்ளைகளையோ அழைப்பதனை ஈராண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. அதே காலப்பகுதியில், எழுத்துமூல வினாக்கொத்தினால் விரைந்து தீர்த்துவந்த முறை கைவிடப்பட்டு நேர்முக விசாரணை மீண்டது. ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு எண்கள் நகர்ந்தமையின் மனிதப் பொருள் குடும்பங்கள் பிரிந்திருந்தமையாகும். பல்லாயிரக்கணக்கானோர் உயர்ந்த அந்தஸ்தினைக் கோரி வழக்குத் தொடுத்தனர். தொடக்கத்தில் பல நிருவாக நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. மேல் நீதிமன்றங்கள் பல பின்னர் மறுத்தன. 2018 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,000 பேர் என்ற ஒதுக்கீட்டுடன் குடும்ப இணைவு அனுமதிக்கப்பட்டு, 2025இல் மீண்டும் ஈராண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது.

'துன்புறுத்தல்' என்பதற்கு அளிக்கப்படும் வரைவிலக்கணமே எண்ணை ஆக்குகின்றது என்பதற்கு இன்னும் நெருங்கிய சான்று நம்மிடம் உண்டு. ஜேர்மனிய சமஷ்டி அரசியலமைப்பு நீதிமன்றம் 1989 ஜூலை 10ஆந் திகதி அளித்த தீர்ப்பு இலங்கைத் தமிழர் பற்றியது. உள்நாட்டுப் போரில் ஒரு பிரதேசத்தின் மீது உண்மையான ஆட்சியதிகாரத்தை இழந்து, போரிடும் ஒரு தரப்பாக மாத்திரம் இயங்கும் அரசு, அங்கு பொதுவாக 'அரசியற் துன்புறுத்தல்' புரிவதாகக் கொள்ளப்படமாட்டாது என்றும், நாட்டின் இன்னொரு பகுதியில் பாதுகாப்பாக வாழ முடியுமாயின் புகலிடத்திற்கு உரித்தில்லை என்றும் அத்தீர்ப்பு கோட்பாடு வகுத்தது. கிளர்ச்சியை அடக்குதல் என்ற எல்லையைக் கடந்து ஓர் இனத்தையோ கருத்தினையோ குறிவைத்த கொடுமைகள் துன்புறுத்தலேயாகும் என்று அதே தீர்ப்பு கூறியதனையும் சொல்லியாக வேண்டும். எவ்வாறாயினும், யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் விழுந்த எறிகணை எந்தப் பத்தியில் எழுதப்படும் என்பது தொலைதூர நீதிமன்றம் ஒன்றின் அரசுக் கோட்பாட்டினால் நிர்ணயிக்கப்பட்டது. அரசல்லாத தரப்பினர் புரியும் துன்புறுத்தலை ஜேர்மனியச் சட்டம் வெளிப்படையாக ஏற்றது 2005இலேயே.

இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்றும் இதிலுண்டு. முடிவு விசாரணையில் பிறக்கின்றது. விசாரணையோ ஓர் எடுத்துரைப்பு. திகதி பிறழாமல், முன்னுக்குப்பின் முரணாகாமல், தன் அனுபவத்தைத் தனி மனிதரின் அரசியற் கதையாகச் சொல்ல வல்லவர் நம்பப்படுகின்றார். சித்திரவதைக்குள்ளானவரின் நினைவு அவ்வாறு ஒழுங்காகச் செயற்படுவதில்லை. இடையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருப்பார். ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் புகலிட விண்ணப்பத்தின் வடிவத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது தற்செயலன்று. நம் புலம்பெயர் புனைகதையின் வடிவ வரலாற்றை எழுத முனைவோர் இக்காரியாலய உரைநடையையும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் கூறுவதனால், எண்கள் யாவும் ஆளும் வர்க்கத்தின் புனைவென ஒதுக்கிவிடலாம் என்று நம்முட் சிலர் கருதுவரேல், அது இயங்கியல் அன்று, சோம்பல். மார்க்ஸ் 'மூலதனம்' எழுதியபோது பிரித்தானிய அரசின் தொழிற்சாலைப் பரிசோதகர்களது அறிக்கைகளையே துருவித் துருவிப் பயன்படுத்தினார். அரசு தன் தேவைக்காகத் திரட்டும் தரவு, அரசுக்கெதிராகவே சாட்சி கூறவும் வல்லது. மேலே சிரியர் பற்றிக் கண்டதும் அலுவலகத்தின் சொந்தப் பட்டியலிலிருந்து பெறப்பட்டதே.

அண்மைய எண்களையும் அவ்வாறே அணுகவேண்டும். பாதுகாப்பு வீதம் 2023இல் 51.7, 2024இல் 44.4. இவ்வீழ்ச்சியை விளக்குமுன், அவ்வாண்டுகளில் யாருடைய கோரிக்கைகள் தீர்க்கப்பட்டன, யாருடையவை கிடப்பில் கிடந்தன என்று கேட்டல் வேண்டும். அசாத் ஆட்சி 2024 டிசெம்பரில் வீழ்ந்தவுடன் சிரியர் பற்றிய முடிவுகள் இடைநிறுத்தப்பட்டன. தீர்க்கப்படாதவை எந்த வீதத்திலும் தோன்றுவதில்லை. 2022 முதல் வந்த பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உக்ரேனியரும் இப்பட்டியல்களில் இல்லை. 2001ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரை ஒன்றின்கீழ், தனிப்பட்ட விசாரணையின்றியே அவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 2015இல் 890,000 பேரின் வருகை 'நெருக்கடி' எனப்பட்ட அதே நாட்டில் இது நிருவாக ரீதியாகச் சாத்தியமாயிற்று.

நம் நாட்டில் இத்தகைய பட்டியலே இல்லை. இலங்கை 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தில் கைச்சாத்திடவில்லை. இங்கு தஞ்சம் கோருவோரின் விண்ணப்பங்களை ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகமே பரிசீலித்து வந்துள்ளது. ஏற்கப்பட்டவரும் இங்கு நிலைத்திருக்க உரித்தற்றவராய், வேறு நாடு ஒன்று அழைக்கும்வரை காத்திருந்தனர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர், நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த பாகிஸ்தானிய அஹ்மதியரும் ஆப்கானியரும் அவ்வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் தங்க நேர்ந்தபோதே, இப்படியானோர் நம்மிடையே இருந்தனர் என்பதைப் பலர் அறிந்தனர்.