உள்ளே 3 போனா வெளியே 7 வருது... அந்த அட்டவணையை எப்படிப் படிக்கணும்?

உங்க வீட்டுக் குட்டி கணக்கு நோட்டைத் தூக்கிட்டு வந்து நீட்டுது. இடது பக்கம் 'உள்ளீடு': 1, 2, 3, 4. வலது பக்கம் 'வெளியீடு': 3, 5, 7, 9. கடைசி வரியில் உள்ளீடு 10. வெளியீடு எவ்வளவு?

'ரெண்டு ரெண்டா கூடுது, அப்போ 11'னு சொன்னீங்களா? தப்பு. குழந்தைகள் சறுக்குற இடமும் இதேதான். வலது பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படிச்சதால் வந்த வினை. இந்த அட்டவணையைக் குறுக்கே படிக்கணும். 1 எப்படி 3 ஆச்சு? 2 எப்படி 5 ஆச்சு? இரண்டால் பெருக்கி 1 கூட்டினா எல்லா வரியும் பொருந்துது. அப்போ 10-க்கு 21.

தரையிலேயே இருக்கு பாடம்

காரைக்குடி பக்கம் கொத்தமங்கலம் மாதிரி செட்டிநாட்டு ஊர்க்காரங்க, ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரையைக் காட்டியே இதைப் புரியவைக்கலாம். ஒரு அடிக்கு ஒரு அடி கல்னு வெச்சுக்குவோம். 8 அடி சதுர அறைக்கு 64 கல். 10 அடிக்கு 100. 12 அடிக்கு 144. அறை ஒவ்வொரு தடவையும் 2 அடிதான் கூடுது. கல்லோ முதலில் 36, அடுத்து 44 கூடுது. மேலிருந்து கீழே பார்த்தா தலை சுத்தும். குறுக்கே பார்த்தா ஒரே விதி: எண்ணை அதே எண்ணால் பெருக்கு.

இது புது சிலபஸ் சமாச்சாரம் இல்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் படிச்ச வாய்ப்பாடுகளில் 'குழிமாற்று'ன்னு ஒண்ணு உண்டு. நிலத்தோட பரப்பைக் கணக்கிட உதவும் வர்க்க அட்டவணை அது. நெல் அளவைக்கு 'நெல்லிலக்கம்'. குறுணிக்கு 8 நாழி, பதக்குக்கு 16, தூணிக்கு 32. அடுத்த அளவான கலத்துக்கு? 64-ன்னு வாய் வரைக்கும் வந்திருக்குமே! இல்லை, 96. மூணு தூணி சேர்ந்தாதான் ஒரு கலம். (இந்தச் சுவடிகளை ஆராய்ந்த டி.செந்தில் பாபு, 2022-ல் ஆங்கிலத்தில் தனிப் புத்தகமே எழுதியிருக்கார்.)

ஒரு வரி போதுமா?

போதாது. உள்ளே 2, வெளியே 4 என்றால் விதி '2 கூட்டு'வா, 'இரண்டால் பெருக்கு'வா, வர்க்கமா? மூணுமே சரியா வரும். அடுத்த வரியில் 3 போட்டா 5, 6, 9-னு பிரிஞ்சுடும். குட்டி ஒரு விதியைச் சொன்னதும் 'சபாஷ்' போட அவசரப்படாதீங்க. 'மத்த வரிக்கும் சரியா வருதா பாரு'ன்னு கேளுங்க. இங்கே கோட்டை விட்டா, பத்தாம் வகுப்பு முதல் பாடமான 'உறவுகளும் சார்புகளும்' திடீர்னு வானத்திலிருந்து குதிச்ச மாதிரி இருக்கும். அங்கேயும் விஷயம் இதேதான், பெயர்தான் 'சார்பு'.

இன்னைக்கு ராத்திரியே விளையாடிப் பாருங்க. மனசுல ஒரு விதியை வெச்சுக்கோங்க. குட்டி ஒரு எண் சொல்லட்டும், நீங்க விடையை மட்டும் சொல்லுங்க. எத்தனை தடவையில் விதியைக் கண்டுபிடிக்குதுன்னு எண்ணுங்க. அடுத்த ரவுண்டு விதி வைக்கிறது குட்டியோட முறை.