மிலியெஸ்: ஒரு சின்ன ரயிலும் ஒரு நூலகமும்

கிரேக்க நாடு என்றதும் ஏதென்ஸ்தான் நினைவுக்கு வரும். ரயில்வேயில் காலம் தள்ளிய என்னைப் போன்றோருக்கோ பீலியோன் மலைமேல் இருக்கும் மிலியெஸ் கிராமமே யாத்திரைத் தலம்!

வோலோஸ் துறைமுகத்திலிருந்து இம்மலைக்குப் போட்ட பாதையின் அகலம் 60 சென்டிமீட்டர். நம் மாத்தேரான் ரயில் பாதை இதைவிட ஒரே சென்டிமீட்டர் அதிகம். 1895ல் லெஹோனியா வரையிலும், 1903ல் மிலியெஸ் வரையிலும் வண்டி ஓடியது. அமைத்தவர் இத்தாலியப் பொறியாளர் எவாரிஸ்தோ தெ கிரிக்கோ. வோலோஸில் பிறந்த இவரது மகன் ஜார்ஜோ புகழ்பெற்ற ஓவியர். அவர் படங்களில் ரயில் வண்டி அடிக்கடி தலைகாட்டுவதில் வியப்பென்ன?

மிலியெஸுக்குச் சற்று முன்னால் ஓர் இரும்புப் பாலம். கர்டர் நேராக நிற்க, அதன்மேல் தண்டவாளம் மட்டும் வளைந்து போகிறது! மலைச்சரிவில் வளைவைத் தவிர்க்க முடியாது; கர்டரை வளைத்துச் செய்வதோ கடினம். இரண்டுக்கும் இப்படி வழி கண்டிருக்கிறார். நிலையத்தில் எஞ்சினைத் திருப்பும் வட்ட மேடையை ஆட்களே தள்ளிச் சுழற்றுவார்கள். 1971ல் மூடப்பட்ட இப்பாதை, 1996ல் சுற்றுலா ரயிலாக உயிர் பெற்றது.

கிராமத்தில் கல் வீடுகள், பலகைக்கல் வேய்ந்த கூரைகள், கல் பாவிய நடைபாதைகள். சதுக்கத்தில் உள்ள தேவதூதர் ஆலயம் வெளியே சாதாரணக் கட்டடம் போலிருக்கும். உள்ளே சுவரெல்லாம் ஓவியம்.

அருகில் நூலகம். இதன் கதைதான் நமக்கு முக்கியம். ஆந்திமோஸ் காசிஸ் இவ்வூர்க்காரர். பிழைப்புக்காக வியன்னா சென்று, அங்கிருந்த கிரேக்கர்களுக்குக் குருவாக இருந்தார். 1811ல் அவர்களுக்காகத் தாய்மொழியில் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். ஊரை மறக்கவில்லை. இவ்வூர் அறிஞர்கள் இருவருடன் சேர்ந்து மிலியெஸில் பள்ளிக்கூடமும் நூலகமும் ஏற்படுத்தினார். துருக்கிய ஆட்சியை எதிர்த்து 1821 மே மாதம் இங்கே புரட்சிக் கொடி ஏற்றியவரும் அவரே.

1943ல் ஜெர்மானியப் படை இக்கிராமத்தைத் தீக்கிரையாக்கியது. மக்கள் மீண்டும் கட்டி எழுப்பினார்கள். பழைய நூல்கள் இன்றும் நூலகத்தில் உள்ளன.

செல்ல விரும்பும் அன்பர்கள், 2023 செப்டம்பர் புயலில் ரயில் பாதை சேதமடைந்ததால், வண்டி ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஓடாவிட்டாலும் வோலோஸிலிருந்து சாலை வழியே போகலாம்.

வெளியூரில் வாழ்ந்துகொண்டே சொந்த ஊருக்கு ஒரு மனிதரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு மிலியெஸ் சாட்சி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.