விசா கொடுக்காத அமெரிக்கா... உறுமி கொடுத்த கோடம்பாக்கம்! - மாதங்கி, 'எம்.ஐ.ஏ' ஆன கதை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பெரக்கரை நாட்டுக்குள் போனாலும் சரி, டவர் கிடைக்கிற இடத்தில் நிற்கும் பசங்களின் ரீல்ஸில் ஒரு தாளம் கண்டிப்பாகக் காதில் விழும். பாஷை புரியாது, ஆனால் தலை தானாக ஆடும். நேராகப் போய்க்கொண்டிருக்கும் அடி நடுவில் லேசாகத் தடுக்கி, சமாளித்து எழுந்து மறுபடி ஓடுவதுபோல இருக்கும். அதுதான் ரெகேடான். 2017-ல் உலகமே முணுமுணுத்த 'டெஸ்பசீட்டோ' ஞாபகம் இருக்கிறதா? அதே வகையறா.

இந்தத் தாளத்துக்குச் சொந்த ஊர் ஸ்பெயின் இல்லை. ஜமைக்காவின் தெருக்களில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிவைத்து ஆடிய 'டான்ஸ்ஹால்' இசைதான் இதன் தாய். அது பனாமா, போர்ட்டோ ரீகோ என்று சுற்றி, ஸ்பானிஷ் பேசக் கற்றுக்கொண்டு ரெகேடான் ஆனது. இன்று ஸ்பெயினில் இந்த இரண்டையும் பாடிக் கலக்குபவர் 1997-ல் பிறந்த 'பேட் கியால்'. அந்தப் பெயரே ஜமைக்கா பேச்சு வழக்குதான்.

பேட் கியால் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதிலேயே, நம்ம ஊர் உறுமிச் சத்தத்தோடு ஜமைக்காவுக்குப் போய் டான்ஸ்ஹால் ஆட்டக்காரர்களை ஆடவைத்தவர் ஒரு தமிழ்ப்பெண். பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா, உலகத்துக்கு 'எம்.ஐ.ஏ'.

1975-ல் லண்டனில் பிறந்தவர் மாயா. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டது. அப்பா அருள்பிரகாசம், 'அருளர்' என்ற பெயரில் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தலைமறைவு வாழ்க்கை. எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும், பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் அவரை 'மாமா' என்றே சொல்லி வைத்திருந்தார்கள். அம்மா கலா, மூன்று பிள்ளைகளோடு யாழ்ப்பாணம், சென்னை, மறுபடி யாழ்ப்பாணம் என்று அலைந்து, 1986-ல் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். அப்போது மாயாவுக்குப் பதினோரு வயதுகூட நிறையவில்லை. நாலைந்து வார்த்தை ஆங்கிலம்தான் தெரியும்.

அரசுக் குடியிருப்பில் வீடு. இருந்த ஒரே ரேடியோவும் திருட்டுப்போய்விட்டது. பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த ஹிப்ஹாப் சத்தத்தைக் கேட்டுத்தான் அந்த இசை பழக்கமானது என்று பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பாட்டு கற்றுக்கொண்டெல்லாம் வந்தவர் இல்லை. லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் சினிமா படித்தவர். 'எலாஸ்டிகா' என்ற ராக் குழு ஊர் ஊராகப் போய்ப் பாடியபோது வீடியோ எடுப்பதற்காகக் கூடவே போனார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி-505 என்ற தாளக் கருவியை இயக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். பிறகு கரீபியன் கடலில் பெக்கியா என்ற குட்டித் தீவுக்கு விடுமுறைக்குப் போனபோது, பாடிப் பார்த்தால் என்ன என்ற ஆசை முளைத்தது. 2003-ல் 'கலாங்' என்ற முதல் பாட்டு இசைத்தட்டாக வந்தது. மொத்தம் 500 பிரதிதான்! ஆனால் கிளப்புகளில் அது பற்றிக்கொண்டது. டான்ஸ்ஹால் அடி, லண்டன் தெரு ஆங்கிலம், அகதிப்பெண்ணின் நக்கல். இப்படி ஒரு கலவையை அதுவரை யாரும் கேட்டதில்லை.

2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரையே வைத்தார், 'அருளர்'. இந்தப் பெயரைப் பார்த்தாவது அப்பா தேடி வரமாட்டாரா என்ற எண்ணம். அப்பாவிடமிருந்து வந்தது என்னவோ பெயரை மாற்றச் சொல்லி ஒரு மெயில்! மகள் மாற்றவில்லை. அந்த ஆல்பம் பிரிட்டனின் புகழ்பெற்ற மெர்குரி விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது.

அடுத்தது அமெரிக்கா. பெரிய இசையமைப்பாளர்களோடு அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது ஆல்பம் செய்வதாகத் திட்டம். 2006-ல் விசா மறுக்கப்பட்டது. புதிதாக வந்த பாடகிக்கு அமெரிக்கக் கதவு மூடினால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாயா, கதவு திறந்திருக்கிற நாடுகளுக்கெல்லாம் பெட்டியோடு கிளம்பினார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா!

சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் கோடம்பாக்கம் ஸ்டூடியோவைப் பயன்படுத்திக்கொள்ளக் கொடுத்தார். உறுமி அடிக்கும் கலைஞர்களைக் கூட்டமாக அங்கே வாசிக்கவைத்துப் பதிவு செய்தார் மாயா. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' என்ற இரண்டு பாட்டுக்கும் முதுகெலும்பு அந்த உறுமிதான். உறுமி ஒரு விசித்திரமான வாத்தியம். ஒரு பக்கத்தை அடிப்பார்கள். மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் மிருகம் உறுமுவதுபோல ஒரு சத்தம் வரும். கோயில் கொடையிலும் சாவு ஊர்வலத்திலும் கேட்டு வளர்ந்த நமக்கு அது சாதாரணம். 'பாய்ஸ்' வீடியோவில், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து டான்ஸ்ஹால் ஆட்டக்காரர்கள் அந்த அடிக்கு ஆடுவதைப் பார்த்தால், அவர்களுக்கும் அது புதுசாகத் தெரிந்த மாதிரியே இல்லை.

2007-ல் வந்த அந்த ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர், 'கலா'. விசா கிடைத்திருந்தால் இப்படி ஓர் ஆல்பம் வந்திருக்காது என்பது என் கட்சி. அதே ஆல்பத்தில் விசாவையும், குடியேறிகளைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களையும் கிண்டலடித்த 'பேப்பர் பிளேன்ஸ்', 2008-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4-வது இடம் வரை ஏறியது. விசா தராத ஊரில்!

2009 பிப்ரவரியில் கிராமி மேடை. நிறைமாத கர்ப்பிணியாக ஜே-ஸீ, கான்யே வெஸ்ட் போன்ற ராப் ஜாம்பவான்களோடு பாடினார். மூன்றாவது நாள் மகன் பிறந்தான். அதே மாதம் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ரஹ்மானோடு செய்த 'ஓ... சாயா' ஆஸ்கர் போட்டியில் இருந்தது. விருது அதே படத்தின் 'ஜெய் ஹோ'வுக்குப் போனது வேறு கதை.

அந்த நாள்களில்தான் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தது. அமெரிக்க டி.வி நிகழ்ச்சிகளில் உட்கார்ந்து, அங்கே சாகும் தமிழ் மக்களைப் பற்றிப் பேசினார் மாயா. அதற்குக் கிடைத்தது 'தீவிரவாத ஆதரவாளர்' என்ற முத்திரை. 2010-ல் 'நியூயார்க் டைம்ஸ்' வார இதழ் எழுதிய கட்டுரை, அவர் விலையுயர்ந்த உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டே புரட்சி பேசுவதாகச் சித்திரித்தது. மாயா, தான் ரகசியமாகப் பதிவு செய்திருந்த ஆடியோவை வெளியிட்டார். அந்த வறுவலை வாங்கலாம் என்று பேச்செடுத்தது நிருபரேதான்! நிருபர் வேலை பார்க்கும் எனக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது. கோபத்தில் அந்த நிருபரின் போன் நம்பரை ட்விட்டரில் போட்டாரே, அது மட்டும் ஓவர்.

அந்தக் கோபம் அவருக்கு வேறு இடங்களிலும் விலை வைத்தது. 2012-ல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் மேடையில், மடோனாவோடு பாடும்போது நடுவிரலைக் காட்டியதற்கு 1.66 கோடி டாலர் கேட்டது கால்பந்து அமைப்பு. 2014-ல்தான் அது சமரசத்தில் முடிந்தது. 2020-ல் தடுப்பூசிக்கு எதிராக எழுதியதில் ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அதில் எனக்கும் உடன்பாடு இல்லை.

பிரிட்டிஷ் அரசு 2019-ல் அவருக்கு 'எம்.பி.இ' பட்டம் அறிவித்தது. அகதியாக வந்த நாட்டின் அரச விருது வேண்டுமா என்ற கேள்வி எழத்தானே செய்யும்? மாயா வாங்கிக்கொண்டார். காரணம், அம்மா. லண்டன் வந்த நாளிலிருந்து கலா பார்த்த தையல் வேலை, இதே அரச பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுப்பது. ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறார். 2020 ஜனவரியில் இளவரசர் வில்லியம் கையால் மகள் சட்டையில் ஏறியதும் அப்படியொரு பதக்கம்தான்.

மாயாவின் பாட்டை இதுவரை கேட்டதில்லை என்றால் 'பாய்ஸ்'-ல் ஆரம்பியுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். உறுமியின் அந்தக் கீழ்ச்சத்தம் ஸ்பீக்கரில் பாதிதான் கேட்கும்.